கறுப்பு வெள்ளையில் எங்கடை முகங்கள்

(சங்க மண்டபத்தில் புகைப்படக் குழுப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரை. பேச்சு நடை இயன்றவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



எங்கள் அங்கத்தவர்களில் எழுபது வயதைத் தாண்டிய எல்லோரையும் ஆளுக்கொரு படம் எடுத்து ஒரு தொகுப்பாக வைப்பதென்று நிர்வாகக்குழு முடிவு செய்திருக்கிறது. கறுப்பு வெள்ளையில், பிலிமில். பட்டியலில் 60 பேர் இருக்கினம். எடுக்கப்போவது எட்டுப் பிள்ளையள். 60 படமும் இந்த மண்டபத்துச் சுவரிலே ஒரே வரிசையில் தொங்கப் போகிறது. எட்டுப் பேர் எடுத்தது ஒருவர் எடுத்தது போல எப்படி வரும்? அதைப்பற்றித்தான் இன்றைக்குக் கதைக்கப் போகிறேன். கலை, அழகியல், ரசனை பற்றியெல்லாம் வேறொரு நாள் வேறொருவர் பேசட்டும். நான் பேசப்போவது தண்ணி, வெப்பமானி, மணிக்கூடு, கொப்பி பற்றி.

சிலர் கேட்டார்கள், கையிலே நல்ல போன் இருக்க ஏன் இந்தக் கரைச்சல் எண்டு. பிறந்தநாளுக்கும் பூப்புனித நீராட்டு விழாவுக்கும் போன் தாராளமாய்க் காணும், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்த 60 பேரிலே பெரும்பாலானோர் வீட்டு அல்பத்தை விட்டுவிட்டு வந்தவர்கள். 1983இலே விட்டவர்கள் இருக்கினம். 1995 ஐப்பசி 30ஆம் திகதி இரவு வலிகாமத்திலிருந்து வெளிக்கிட்டபோது கையிலே பிள்ளையையும் பையையும் பிடித்தார்களே தவிர அல்பத்தைப் பிடிக்கவில்லை. பிறகு வெளிநாட்டிலிருந்த சொந்தக்காரருக்கு முன்பு தபாலில் அனுப்பிய பிரதிகளைத் தேடி எடுத்துத்தான் தாய் தகப்பனுடைய முகத்தைத் திரும்பக் கண்டவர்கள் கனபேர். பிரதி கிடைத்தது. நெகற்றிவ் கிடைக்கவில்லை. ஒழுங்காகக் கழுவி ஒழுங்காக வைத்த நெகற்றிவ்வை இன்னும் அறுபது வருடம் கழித்தும் யன்னல் வெளிச்சத்திலே பிடித்துப் பார்க்கலாம். அதைப் பார்ப்பதற்குக் கடவுச்சொல் தேவையில்லை. எனக்கு இந்தக் காரணம் போதும்.

இனி விசயத்துக்கு வருவோம். போன வருடம் சித்திரைப் புத்தாண்டு விழாவிலே குத்துவிளக்கு ஏற்றிய ஐயாவை உங்களிலே நாலு பேர் படம் எடுத்தீர்கள். நாலு கமரா, நாலு விதமான பிலிம். நான் அந்த நாலு படத்தையும் மேசையிலே பக்கத்துப் பக்கத்திலே வைத்துப் பார்த்தேன். ஒன்றிலே வேட்டியின் மடிப்பு ஒவ்வொன்றும் தெரிகிறது, ஐயாவின் முகம் கரிக்கட்டி. இன்னொன்றிலே முகம் சரி, வேட்டியும் சால்வையும் ஒரு வெள்ளைத் துண்டுக் கடதாசி. மூன்றாவதிலே எல்லாம் ஒரே சாம்பல், மழைநாள் மாதிரி. நாலாவது அருமையான படம். கண்ணிலே ஒளி, நெற்றியிலே திருநீற்றுக் கோடு, தோளிலே சால்வைக் கரை, எல்லாம் இருக்கிறது. எடுத்த பிள்ளையைக் கேட்டேன், எப்படி எடுத்தாய் எண்டு. "தெரியேல்லை அங்கிள், வந்திட்டுது" எண்டாள்.

முதல் மூன்று படத்தையும் விட எனக்குப் பயம் தந்தது அந்த நாலாவது படம்தான். பிழைத்த படத்திலே பிழையைத் தேடலாம். காரணம் தெரியாமல் சரிவந்த படத்தை அடுத்த ஆச்சிக்குத் திரும்பச் செய்ய முடியாது. அறுபது பேரை வரச்சொல்லி இருத்திவைத்து "வந்தால் வரட்டும்" எண்டு எடுக்கேலாது. அவர்களுக்கு முழங்கால் வருத்தம். மாடிப்படி ஏறி ஒருமுறைதான் வருவினம்.

ஒரு வீட்டிலே கறித்தூள் எப்படி வறுக்கிறார்கள் எண்டு யோசித்துப் பாருங்கோ. ஊரிலே வீட்டுக்கு வீடு கை மாறும். ஆனால் ஒரு வீட்டுத்தூள் வருடம் முழுக்க ஒரே மணம். அம்மா கொத்தமல்லியை ஒருநாள் கூட்டி ஒருநாள் குறைத்துப் போடுவதில்லை. மிளகாய் உறைப்புக் கூடினால் மிளகாயை மட்டும் குறைப்பா, மற்றதிலே கை வைக்கமாட்டா. நாங்கள் செய்யவேண்டியதும் அதுதான். எல்லாவற்றையும் கட்டி நிறுத்தவேணும். ஏதாவது மாற்றினால் ஒன்றை மட்டும் மாற்றவேணும். மாற்றியதைக் கொப்பியிலே எழுதவேணும்.

முதலாவது, கமரா ஒண்டு. இதைச் சொன்னதும் முன்வரிசையிலே முகங்கள் வாடுவது எனக்குத் தெரிகிறது. ஆளாளுக்கு ஆசையாய் வாங்கின கமரா இருக்கிறது. ஆனால் பழைய கமராக்களின் ஷட்டர் வேகம் எழுதியிருக்கிறபடி இருப்பதில்லை. அறுபதிலொன்று என்பது ஒன்றிலே நாற்பதிலொன்றாகவும் இன்னொன்றிலே எண்பதிலொன்றாகவும் ஓடும். ஆகவே ஒரு கமரா, ஒரு லென்ஸ், ஒரு முக்காலி. எட்டுப்பேரும் முறை வைத்து எடுங்கோ. உங்கள் சொந்தக் கமராவை வெளியிலே கொண்டுபோய் மரத்தை எடுங்கோ, மழையை எடுங்கோ.

இரண்டாவது பிலிம். நான் சொல்வது இல்போர்ட் எச்.பி.5 பிளஸ். இதற்கு ஒரு சின்னக் கதை உண்டு. எங்கடை சனம் கடை வைத்து, வீடு வாங்கி, பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்புகிற இந்தக் கிழக்கு லண்டன் இல்போர்ட்தான் அந்தப் பெட்டியிலே எழுதியிருக்கிற இல்போர்ட். 1879இல் அல்பிரட் ஹார்மன் என்பவர் இங்கேதான் கண்ணாடித் தட்டிலே படமருந்து பூசி விற்கத் தொடங்கினார். 1902இல் அந்தக் கொம்பனி ஊரின் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்டது. இங்கிருந்த தொழிற்சாலை 1976இல் மூடப்பட்டது. இப்போது பிலிம் செய்வது செஷயரிலே மொபர்லி என்ற இடத்தில். 2004இல் கொம்பனி கடனிலே விழுந்து கைமாறும் நிலை வந்தபோது, அங்கே வேலைசெய்த மேலாளர்களே 2005இல் அதை வாங்கி, அந்தப் பழைய ஹார்மனின் பெயரை வைத்து நடத்தத் தொடங்கினார்கள். ஊர்ப்பெயரைச் சொல்லி வாங்கச் சொல்லவில்லை. ஒரு முறையைக் கட்டி எழுப்பும்போது இடையிலே நின்றுபோகாத பொருளாக இருக்கவேணும். கொடாக்கின் பிளஸ்-எக்ஸ் பிலிமை நம்பிக் கணக்கெல்லாம் பழகி வைத்திருந்தவர்கள் 2011இல் அது நிறுத்தப்பட்டபோது முதலிலிருந்து தொடங்கவேண்டி வந்தது. எச்.பி.5 பிளஸ் 1989 தொடக்கம் வருகிறது.

ஒரு சுருளிலே 36 படம். ஆளுக்கு 12 எண்டால் ஒரு சுருள் மூன்று பேருக்கு. 60 பேருக்கு 20 சுருள். சோதனைக்கு இரண்டு. ஆக 22. எல்லாவற்றையும் ஒரே நாளிலே, பெட்டியிலே ஒரே தொகுதி இலக்கம் இருக்கிறதா எண்டு பார்த்து வாங்குங்கோ. மிச்சத்தைக் குளிர்ப்பெட்டியிலே வையுங்கோ. எடுக்குமுன் சில மணித்தியாலம் வெளியே வைத்துப் பிறகு திறவுங்கோ, இல்லையெண்டால் வேர்க்கும்.

மூன்றாவது வெளிச்சம். இந்த மண்டபத்துக் குழல்விளக்குகளை அணையுங்கோ. வடக்குப் பக்க யன்னல் பெரியது, வெயில் நேரே அடிப்பதில்லை. கதிரையை யன்னலிலிருந்து ஒரு மீற்றர் தள்ளிப் போட்டு, நிலத்திலே நாடா ஒட்டிக் குறிவையுங்கோ. மற்றப்பக்கக் கன்னத்திலே இருட்டு விழும். அதற்கு வெளியிலே தெறிபலகை வாங்கவேண்டியதில்லை. நாலுமுழ வெள்ளை வேட்டி ஒன்றை இரண்டு கதிரை முதுகிலே கட்டினால் காணும். அதையும் ஒவ்வொரு முறையும் அதே தூரத்திலே வையுங்கோ.

இனி நான் கொஞ்சம் நின்று கதைக்கவேண்டிய இடம். எங்கடை தோலின் நிறம்.

ஒளிமானிக்கு ஒரே ஒரு விசயம்தான் தெரியும். தனக்கு முன்னாலே இருப்பது எதுவானாலும் அது நடுத்தரச் சாம்பல் எண்டு அது நினைக்கும். வெள்ளைச் சேலை உடுத்த ஆச்சியின் முன் பிடித்தால், "இது கூடின வெளிச்சம், குறை" எண்டு சொல்லும். நீங்கள் குறைத்தால் சேலை சாம்பலாகும், முகம் இருட்டிலே போகும். அதே மானியை அவவின் கறுத்த கன்னத்துக்குக் கிட்டக் கொண்டுபோனால், "இருட்டாய் இருக்கு, கூட்டு" எண்டு சொல்லும். கூட்டினால் முகம் வெளிறிப் போகும், சேலை வெறும் வெள்ளைக் கடதாசியாகும். அந்த ஐயாவின் முதல் இரண்டு படத்திலும் நடந்தது இதுதான். பிள்ளையளிலே குற்றமில்லை. மானி சொன்னதைக் கேட்டார்கள். மானி எங்கடை ஆட்களையும் வேட்டியையும் ஒன்றாய் நினைத்துச் செய்யப்பட்ட சாமானில்லை.

இதற்கு வழி உங்கள் கையிலேயே இருக்கிறது, உண்மையாகவே கையிலே. உள்ளங்கையைப் பாருங்கோ. நாங்கள் எவ்வளவு கறுப்பாக இருந்தாலும் உள்ளங்கை வெளிறித்தான் இருக்கும். ஆளுக்கு ஆள் புறங்கை மாறுகிற அளவுக்கு உள்ளங்கை மாறுவதில்லை. கதிரையிலே ஆள் இருக்கிற இடத்திலே, முகத்துக்குப் பக்கத்திலே, அதே வெளிச்சம் விழும்படி உங்கள் உள்ளங்கையைப் பிடித்து அதை மட்டும் அளவுங்கோ. உள்ளங்கை நடுச் சாம்பலைவிட ஏறத்தாழ ஒரு படி வெளிச்சம் கூடியது. ஆகவே மானி சொன்னதிலிருந்து ஒரு படி கூடத் திறவுங்கோ. எப்.5.6 எண்டு சொன்னால் எப்.4. முடிந்தது கதை. ஆச்சி கறுப்போ பொதுநிறமோ, உடுத்தது வெள்ளையோ காஞ்சிபுரமோ, கணக்கு மாறாது. வெளிச்சம் மாறினால் மட்டும்தான் அது மாறும். எட்டுப்பேரும் ஒருவருடைய உள்ளங்கையையே பாவியுங்கோ. யாருடைய கை எண்டு கொப்பியிலே எழுதுங்கோ, சிரிக்காதையுங்கோ.

பழைய ஊர்ப்படங்களிலே ஏன் எல்லோரும் இருக்கிறதைவிடக் கறுப்பாய் இருக்கினம், குங்குமப் பொட்டு ஏன் மைப்பொட்டு மாதிரி இருக்கிறது எண்டு ஒரு தங்கச்சி கேட்டா. நல்ல கேள்வி. ஒருகாலத்துப் பிலிமுக்குச் சிவப்பு நிறம் தெரியாது. சிவப்பு அதற்கு இருட்டு. எங்கடை தோலிலே சிவப்பும் பழுப்பும்தான் கூட, ஆகவே தோலும் இருட்டாய் விழுந்தது. இப்போதைய பிலிமுக்கு எல்லா நிறமும் தெரியும். ஆனால் அந்தக்காலத்து ஸ்ரூடியோக்காரர் அந்தக் கறுப்பைப் போக்க முகத்துக்குப் பவுடர் போட்டார்கள், நெகற்றிவ்விலே கூரான பென்சிலால் கீறி வெளிற வைத்தார்கள். அதைப் பார்த்துப் பழகின எங்கடை பெரியவர்கள் உங்களிட்டையும் கேட்பினம், "மோனை, கொஞ்சம் வெள்ளையாய் வரப் பண்ணு" எண்டு. மறுத்துக் கதைக்காதையுங்கோ. வீட்டுக்குக் கொடுக்கிற பிரதியை அவர்கள் கேட்டபடி கொஞ்சம் வெளிறப் போட்டுக் கொடுக்கலாம், அது அவர்களுடைய முகம், அவர்களுடைய ஆசை. நெகற்றிவ்விலே மட்டும் உள்ள நிறம் உள்ளபடி இருக்கவேணும். சுவரிலே தொங்குவதும் உள்ளபடியே. இதிலே நிர்வாகக்குழுவிலே சிலருக்கு வேறு அபிப்பிராயம் உண்டு. அவர்களுடன் நான் இன்னும் கதைத்துக்கொண்டிருக்கிறேன்.

பிலிம் பெட்டியிலே வேகம் 400 எண்டு இருக்கும். நாங்கள் மானியை 200இலே வைக்கிறோம். இருட்டான இடத்திலே, கண்ணின் குழியிலே, கொண்டையிலே, கழுத்துக்குக் கீழே, பிலிமிலே ஒன்றும் விழாவிட்டால் பிறகு எந்த மருந்தாலும் அதைக் கொண்டுவரேலாது. அதனாலே தாராளமாய் வெளிச்சம் கொடுக்கிறோம். அப்போ வேட்டி பொங்குமே எண்டு கேட்பியள். பொங்கும். அதைக் கழுவும்போது அடக்குகிறோம். கழுவும் நேரத்தைக் குறைத்தால் இருட்டுப் பகுதி அதிகம் மாறாது, வெளிச்சப் பகுதிதான் அடங்கும். அமெரிக்காவிலே அன்சல் அடம்ஸ் என்ற மலைப்படக்காரரும் பிரெட் ஆர்ச்சர் என்பவரும் 1940ஐ ஒட்டிய காலத்திலே ஒழுங்குபடுத்திக் கற்பித்த முறையின் அடிப்படையும் இதுதான். அவர்கள் பனிமலைக்கும் பாறைக்கும் பாவித்ததை நாங்கள் வேட்டிக்கும் முகத்துக்கும் பாவிக்கிறோம்.

இனி இருட்டறை. மருந்து ஐ.டி.11, தூளாய் ஒரு லீற்றர்ப் பொட்டலமாய் வரும். ஏறத்தாழ 40 பாகைத் தண்ணியிலே கரைத்து ஆறவிட்டு, போத்தலை வாய்வரை நிரப்பி இறுக்கி மூடி, திகதி எழுதுங்கோ. நிரம்பிய போத்தல் ஆறு மாதம் இருக்கும். பாதிப் போத்தல் ஒரு மாதம்தான். கழுவும்போது ஒண்டுக்கு ஒண்டு தண்ணி கலந்து, பாவித்ததும் ஊற்றிவிடவேணும். மிச்சம் பிடித்து வைக்காதையுங்கோ, அங்கேதான் ஒழுங்கு கெடும். ஒரு தாங்கியிலே எப்போதும் இரண்டு சுருள், 300 மில்லிலீற்றர் மருந்து, 300 மில்லிலீற்றர் தண்ணி. 22 சுருளுக்கு மூன்று லீற்றரும் கொஞ்சமும் போகும். நாலு பொட்டலம் வாங்கினால் காணும். அம்மாமாருக்கு ஒன்று சொல்லவேணும்: சமையல் கோப்பை, கரண்டி எதுவும் இதற்குப் பாவிக்கக்கூடாது, இதற்குப் பாவித்தது குசினிக்குத் திரும்பக்கூடாது.

வெப்பம் 20 பாகை. ஒரு பாகை கூடினாலோ குறைந்தாலோ நேரம் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு மாறும். ஊரிலே இதுதான் பெரிய வில்லங்கம். கிணற்றுத் தண்ணியே 28 பாகைக்குக் கிட்ட நிற்கும். இங்கே மாரியிலே குழாய்த்தண்ணி கையை விறைக்கப் பண்ணும், கோடையிலே வேறு. ஆகவே குழாயை நம்பாமல் பெரிய வாளியிலே 20 பாகைத் தண்ணி வைத்து, எல்லாப் போத்தலையும் தாங்கியையும் அதற்குள்ளே அரை மணித்தியாலம் இருத்துங்கோ. இன்னொன்று. உங்கள் எல்லோரிடமும் வெப்பமானி இருக்கிறது. எட்டையும் ஒரே வாளிக்குள்ளே விட்டுப் பாருங்கோ. எட்டும் ஒரே இலக்கம் காட்டினால் நான் உங்களுக்குக் கொத்துரொட்டி வாங்கித் தருகிறேன். ஒன்றைத் தெரிந்தெடுத்து அதையே சங்கத்தின் வெப்பமானி எண்டு வைப்போம். அது உண்மையிலே அரைப் பாகை பிழையாக இருந்தாலும் பரவாயில்லை. எப்போதும் அதே அரைப் பாகை பிழையாக இருந்தால் எங்களுக்குச் சரி.

பெட்டியோடு வரும் கணக்கிலே 13 நிமிடம் எண்டு இருக்கும். நாங்கள் 200இலே எடுத்ததாலே 11 நிமிடத்திலே தொடங்குவோம். மருந்து ஊற்றத் தொடங்கும்போது மணிக்கூடு ஓடவேணும். முதல் பத்துச் செக்கனிலே நாலு முறை தாங்கியைத் தலைகீழாய்ப் புரட்டுங்கோ. பிறகு ஒவ்வொரு நிமிடத்தின் தொடக்கத்திலும் பத்துச் செக்கனிலே நாலு முறை. ஒவ்வொரு முறையும் புரட்டி முடிய, குமிழ் போக மேசையிலே ஒரு தட்டு. தேத்தண்ணி ஆத்துகிறமாதிரி வேகமாயும் வேண்டாம், குழந்தையைத் தாலாட்டுகிறமாதிரியும் வேண்டாம். கை மாறினால் படம் மாறும். ஆகவே புரட்டுகிற வேலை இரண்டு பேருக்கு மட்டும். ஒருவர் புரட்ட, மற்றவர் நேரத்தைச் சத்தமாய் வாசிக்கவேணும். கடைசிப் பத்துச் செக்கன் இருக்க வெளியே ஊற்றத் தொடங்குங்கோ.

பிறகு நிறுத்தும் நீர் பத்துச் செக்கன். அடுத்தது பிக்ஸர், ஒரு பங்குக்கு நாலு பங்கு தண்ணி. அதற்கு நேரத்தை அட்டையைப் பார்த்துச் சொல்லமாட்டேன், பிலிமையே கேளுங்கோ. சுருளின் முன்வால் துண்டொன்றை வெட்டி பிக்ஸருக்குள்ளே போடுங்கோ. பாலாடை மாதிரி இருப்பது தெளிந்து கண்ணாடி மாதிரி வர எவ்வளவு நேரம்? அதன் இரண்டு மடங்கு பிக்ஸரிலே வையுங்கோ. புதுப் பிக்ஸரிலே எடுத்த நேரம் இரண்டு மடங்காய்ப் போன அன்று அதை ஊற்றிவிட்டுப் புதிது கலவுங்கோ. இதிலே கஞ்சத்தனம் பார்த்தால் இன்றைக்கு ஒன்றும் தெரியாது. பத்து, இருபது வருடம் கழித்து நெகற்றிவ் மஞ்சளாகும், அப்போது கேட்க ஆளிருக்காது.

கழுவித் துப்பரவாக்க ஓடுகிற தண்ணி தேவையில்லை. தாங்கியை நிரப்பி ஐந்து முறை புரட்டி ஊற்றுங்கோ. திரும்ப நிரப்பிப் பத்து முறை. திரும்ப நிரப்பி இருபது முறை. போதும். ஆனால் லண்டன் தண்ணி சுண்ணாம்புத் தண்ணி, உங்கள் கேத்திலுக்குள்ளே பார்த்திருப்பீர்கள். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணியும் அப்படித்தான், கீழே முழுக்கச் சுண்ணாம்புக்கல். அது பிலிமிலே காய்ந்தால் ஆச்சியின் நெற்றியிலே வெள்ளைப் புள்ளியாய் நிற்கும், திருநீறு எண்டு சமாளிக்கேலாது. ஆகவே கடைசித் தண்ணி வடித்த தண்ணியாக இருக்கவேணும். அதற்குள்ளே ஈரமாக்கி சில துளி. விரலால் வழிக்காமல், தூசி பறக்காத குளியலறையிலே தொங்கவிடுங்கோ.

200 எண்டும் 11 நிமிடம் எண்டும் நான் சொன்னது ஒரு தொடக்கம்தான். முதல் சோதனைச் சுருளிலே வேட்டி கட்டிய ஒருவரை யன்னலடியிலே இருத்தி, 100, 200, 400, 800 எண்டு மானியை மாற்றி மாற்றி நாலு படம், அதையே ஒன்பது தரம் எடுங்கோ. இருட்டிலே சுருளை மூன்றாய் வெட்டி, ஒரு துண்டை ஒன்பதரை நிமிடம், ஒன்றைப் பதினொன்று, ஒன்றைப் பதின்மூன்று நிமிடம் கழுவுங்கோ. வெட்டும் இடத்திலே ஒன்றிரண்டு படம் போகும், போகட்டும். இந்தத் துண்டுகளுக்கு மட்டும் தாங்கியிலே ஒரு சுருள் எண்ட கணக்கு, 150க்கு 150. இந்த மூன்று துண்டும்தான் உங்கள் பாடப்புத்தகம். இரண்டாவது சுருள், தெரிந்த கணக்கிலே முழுதாய் எடுத்துச் சரிபார்க்க.

அதை எப்படி வாசிப்பது? நெகற்றிவ்வை வெளிச்சத்திலே பிடித்துத் தலையாட்டி "நல்லாயிருக்கு" எண்டு சொல்வது வாசிப்பல்ல. என்லார்ஜரின் உயரத்தை நாடா ஒட்டிக் குறித்து, லென்ஸை எப்.8இலே, வடிகட்டியை இரண்டிலே வையுங்கோ. படம் விழாத வெறும் பிலிம் துண்டு ஒன்றைப் படக்கடதாசியிலே பாதிக்கு வைத்து, இரண்டு செக்கன், நாலு, ஆறு, எட்டு எண்டு படிபடியாய் வெளிச்சம் கொடுத்துக் கழுவுங்கோ. ஒரு கட்டத்திலே பிலிமுக்குக் கீழே இருந்த கறுப்பும் வெளியே இருந்த கறுப்பும் ஒன்றாகிவிடும். அப்படி ஒன்றாகிற முதல் நேரம்தான் உங்கள் நேரம். பத்துச் செக்கன் எண்டு வைத்துக்கொள்ளுங்கோ. இனி எல்லாச் சுருளுக்கும் தொடுபிரதி அந்தப் பத்துச் செக்கன்தான், கூட்டவோ குறைக்கவோ கூடாது. பல்ப் மாறினால் மட்டும் திரும்பச் சோதியுங்கோ.

அப்போது அந்தத் தாள் பொய் சொல்லாது. கொண்டையும் கண்குழியும் வெறும் கறுப்பாய் இருந்தால் படம் எடுக்கும்போது வெளிச்சம் காணாது. வேட்டி மடிப்புத் தெரியாமல் வெள்ளையாய் இருந்தால் கழுவிய நேரம் கூட. எல்லாம் மந்தச் சாம்பல் எண்டால் கழுவிய நேரம் குறைவு. இருட்டுக்கு எடுக்கும்போது வெளிச்சம், வெள்ளைக்குக் கழுவும்போது நேரம். ஒன்றுக்கு மற்றதைத் திருத்தப் போகாதையுங்கோ. நெகற்றிவ் இப்படி வந்தால் பெரிய பிரதி போடுவது பெரிய வித்தையில்லை. இரண்டாம் தரத்திலே தொடங்கி அரைத் தரம் இப்படியோ அப்படியோ. அதை இருட்டறையிலே நேரே காட்டுகிறேன், வாயாலே சொல்லி விளங்காது.

கொப்பி. ஒரு தடித்த அட்டைக் கொப்பி, பென்சில் கட்டித் தொங்கவேணும். திகதி, சுருள் இலக்கம், யார் இருந்தது, யார் எடுத்தது, உள்ளங்கை அளவு, கொடுத்த அளவு, மருந்து கரைத்த திகதி, வெப்பம், நிமிடம், புரட்டியவர். பெயரோடு ஊரையும் எழுதுங்கோ, வட்டுக்கோட்டையோ முல்லைத்தீவோ மூதூரோ. அவர்களே தங்கள் கையாலே எழுதினால் இன்னும் நல்லது. கண் தெரியாதவர்களுக்கு நீங்கள் எழுதி வாசித்துக் காட்டுங்கோ. பிள்ளையள் சிலர் இதைப் போனிலே எழுதலாமே எண்டினம். எழுதுங்கோ, கொப்பியிலும் எழுதுங்கோ.

நெகற்றிவ்வை ஆறு ஆறாய் வெட்டி உறையிலே போடும்போது பி.வி.சி. பிளாஸ்ரிக் உறை வேண்டாம், அது காலப்போக்கிலே பிலிமைக் கெடுக்கும். பொலியெஸ்ரர் அல்லது இதற்கென்றே செய்த கடதாசி உறை. கோப்பை நிலக்கீழறையிலும் கூரைக்குக் கீழும் வைக்காதையுங்கோ. ஈரம், சூடு இரண்டும் கூடாது. தொடுபிரதித் தாள்களிலே ஒரு தொகுதி சங்கத்திலே இருக்க, இன்னொரு தொகுதி வேறொரு வீட்டிலே இருக்கட்டும். ஒரே கட்டடத்திலே எல்லாவற்றையும் வைத்தால் என்ன நடக்கும் எண்டு 1981இலே யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைப் பார்த்தவர்கள் இந்த மண்டபத்திலே இருக்கினம், அவர்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இடையிலே ஒரு விசயம், மறக்குமுன் சொல்லிவிடுகிறேன். ஆடி விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் அங்கே எடுத்த சுருளைப் பெரிய பெட்டியிலே போட்டு அனுப்பாதையுங்கோ. கையிலே கொண்டுவாங்கோ. விமான நிலையங்களிலே கைப்பைக்கு இப்போது வந்திருக்கிற புதுவகைச் சி.ரி. இயந்திரங்கள் கழுவாத பிலிமைப் புகையடித்த மாதிரி ஆக்கிவிடும். கையாலே பார்க்கச் சொல்லி மரியாதையாய்க் கேளுங்கோ. தெளிவான பையிலே தனியாய் வைத்திருந்தால் கேட்பது சுகம்.

இனி ஒழுங்கு. பட்டியல் ஆவணி மாதம் எழுதியது. அப்போது 62 பெயர். இப்போது 60. ஆகவே வயதுப்படி மேலேயிருந்து தொடங்குவோம், அகர வரிசை வேண்டாம். முதல் மூவரிலே ஒருவர் படுக்கையிலே இருக்கிறா, அவவுக்கு மட்டும் கதிரைக்கணக்குச் சரிவராது. வீட்டு யன்னலிலே போய் உள்ளங்கையைப் பிடித்து அளப்போம், வேட்டியையும் கொண்டுபோவோம்.

சோதனைச் சுருளுக்கு வேட்டி கட்டி இருக்கச் செயலாளர் ஐயா சம்மதித்திருக்கிறார். 36 படத்துக்கு அசையாமல் இருக்கவேணும் எண்டு அவருக்கு இன்னும் சொல்லவில்லை, நீங்களும் சொல்லாதையுங்கோ. வாற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, வெளிச்சம் இருக்கும்போதே தொடங்குவோம். எட்டுப்பேரும் வெப்பமானியைக் கொண்டுவாங்கோ. வாளி நான் கொண்டுவருகிறேன்.